அத்தாவின் கணக்கில் கிடந்த பணம்

போன வருடம் கர்க்கடக மாதம், அதாவது ஆடியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிவாசலில் அத்தாவின், என் அப்பாவின், ஜனாஸாவை முன்னால் வைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். எங்களில் யாராவது மௌத்தாகிவிட்டால், அடக்குவதற்கு முன் நடக்கும் தொழுகையில், வாரிசு ஒருவர் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். இறந்தவர் உங்களிடம் ஏதாவது தப்பாக நடந்திருந்தால் மன்னித்துவிடுங்கள், யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். சொல்வதற்கு எனக்குப் பயம் இல்லை. ஏனென்றால் என் அத்தா கடன் வாங்காதவர். வட்டி என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொன்னாலே முகம் சுளிப்பவர். பஜார் ரோட்டில் ஒரு மிளகு கிடங்கில் லோடு வண்டி ஓட்டினார். அன்று காலை வண்டியை நிறுத்திவிட்டு சாயா குடிக்க உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே குடையில்லாமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. தோப்பும்படியில் மீன் ஏலம் எடுக்கிறவர் என்று சொன்னார். அத்தாவுக்குத் தெரிந்தவர் போல என்று நினைத்து சலாம் சொல்வதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"மோனே, இப்ப இதைப் பறயுற நேரம் இல்லேன்னு எனக்குத் தெரியும். பட்சே நீ மைக்கில சொன்னது கேட்டிட்டுதான் நிக்குறேன். உன் அத்தாவோட அக்கவுண்டில என் காசு கிடக்குது. இருபத்திரண்டு லட்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆள் மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. நான் பத்தாவதோடு நின்றுவிட்டு எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு பெட்டிக் கடையில், அதாவது சூட்கேஸ், பேக் விற்கிற கடையில், நிற்கிறேன். எங்கள் அத்தா கணக்கில் இருபத்திரண்டாயிரம் இருந்தாலே அதிசயம்.

அவர் மெதுவாகச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. என் தங்கை அந்த வருடம்தான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் முடித்திருந்தாள். எங்கள் வம்சத்திலேயே அவள்தான் முதல் பட்டதாரி. மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் விசா வேண்டுமென்றால், படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய பணம் எங்களிடம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பணம் ஒரு மாதம்போல கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். கலூரில் இருந்த ஏஜென்ட், பணம் இல்லாதவர்களுக்கு அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். இவரைப் போன்றவர்களின் பணத்தைப் படிக்கப் போகிற பிள்ளையின் அப்பா கணக்கில் போட்டுக் கிடத்துவான். விசா வந்ததும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கான வட்டியை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

"காசு போட்டிட்டு ரெண்டு வாரம்தான் ஆச்சு. உன் அத்தா கையெழுத்துப் போட்ட செக்கு என் கையில இருக்கு. கையெழுத்துப் போட்ட ஆளே போயாச்சு. இனி அது வெறும் கடுதாசு" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார், மழையா கண்ணீரா தெரியவில்லை.

அத்தா எங்களிடம் சொன்னதே வேறு. "முதலாளி தர்றேன்னு சொல்லிட்டாரு. வட்டி கிடையாது. மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்குவாரு" என்று சொல்லியிருந்தார். அந்த முதலாளியும் அடக்கத்துக்கு வந்திருந்தார். ஓடிப்போய் அவரிடமே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டாரு தம்பி. அவ்வளவு பெரிய தொகை என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சே எடுக்கல."

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தாவின் போனை எடுக்கச் சொன்னேன். வங்கியிலிருந்து வந்த மெசேஜைத் தேடிப் பார்த்தாள். அந்தத் தொகையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். முதலாளி கொடுத்த பணம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்த வெளிச்சத்தை அணைக்க வேண்டியது நான்தான். கேட் பக்கத்தில் கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அத்தாவா? வட்டிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று இரவே ஏர்வாடியிலிருந்து வந்திருந்த எங்கள் மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, விஷயம் தெரிந்துவிட்டது. தங்கையின் வெளிநாட்டுப் படிப்பை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர் அவர். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அத்தா திருப்பி அனுப்பியதில் அவருக்குக் கோபம். தங்கை சீக்கிரம் விமானம் ஏறிவிட வேண்டும் என்று அத்தா அவசரப்பட்டதே அவர் வாய்க்குப் பயந்துதான். அப்படிப்பட்ட மாமா திடீரென்று படிப்புக் கட்சிக்கு மாறிவிட்டார்.

"மாப்ளே, அல்லாஹ் ஒரு கதவை அடைச்சா இன்னொன்னைத் திறப்பான். கணக்கு யார் பேர்ல இருக்கு? உன் அத்தா பேர்ல. நாமினி யாரு? உன் அம்மா. அவன் யாரு நடுவுல?"

"அவரோட பணம் மாமா."

"எழுத்து இருக்கா? இல்ல. நோட்டை மோந்து பாரு, மீன் வாடை அடிச்சா அவனுது."

"அது நோட்டு இல்ல மாமா. வெறும் நம்பர்" என்றாள் தங்கை.

"அப்ப இன்னும் நல்லது. நம்பருக்கு வாடையே கிடையாது. புள்ளை படிச்சு வரட்டும்."

இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மாமா பேசியது எனக்குக் கெட்டதாகத் தோன்றவில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டால் தங்கை படிக்கப் போய்விடலாம். திருப்பிக் கொடுத்தால் போக முடியாது. அவ்வளவுதான் கணக்கு. தங்கை கேட்டுப் பார்த்த வங்கிகள் எல்லாம் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. அந்தத் தொகைக்கு ஈடு வேண்டும் என்றார்கள், வாடகை வீட்டில் இருப்பவன் எதை ஈடு காட்டுவான்? தங்கை கேட்ட ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டிகளில் ஃபீஸ் இல்லை என்று அவளே ஒரு தடவை சொல்லியிருந்தாள். மொழியும் படித்து, அங்கே தங்கும் செலவுக்கும் சேர்த்துக்கொண்டு போக இன்னும் ரெண்டு வருடமாவது ஆகும் என்று அத்தா வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் தங்கை ஏஜென்டுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது. அத்தா மௌத்தான விஷயத்தைச் சொன்னாள். "ஐயோ, ரொம்ப வருத்தம்" என்றான். அடுத்த மூச்சிலேயே, "ஒரு வாரம் கழியட்டும் மோளே. காசு போட வேற பார்ட்டி இருக்கு. இனி அம்மாவோட அக்கவுண்டில போட்டுக்கலாம். திரும்ப ஒரு மாசம் கிடக்கணும், அத்ரே உள்ளு, வேற பிரச்னை இல்ல" என்றான்.

தங்கை கேட்டாள், "சார், விசா கிடைச்சதும் அந்தக் காசு போயிடும். அப்புறம் ஃபீஸை எங்க அத்தா எதை வச்சுக் கட்டுறதா இருந்தாரு?"

"அவிடெ போயிட்டு வேலை செய்து கட்டலாம். எல்லாரும் அங்ஙனெதான் போறாங்க."

தங்கை போனை வைத்துவிட்டாள். படிக்கிற பிள்ளை வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறதாம். அந்தக் காசில் வாடகை கொடுத்துச் சாப்பிடுவதே கஷ்டம், ஃபீஸ் கட்டவே முடியாது என்று எங்களுக்கு விளக்கினாள். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அத்தா ஏற்பாடு செய்தது படிப்புக்கான பணமே இல்லை. பணம் இருப்பதுபோல ஒரு தோற்றம். அதை வட்டி கொடுத்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் அந்த மீன்காரர் மறுபடியும் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார், சாயா கொடுத்தும் குடிக்கவில்லை. மாமா அவரைப் பார்த்து, "செத்த வீட்டுல வசூலுக்கு வர்ற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்று சத்தமாகச் சொன்னார். மீன்காரரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். அம்மா இத்தாவில் இருந்தார். புருஷன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், வெளி ஆண்களைப் பார்க்கக்கூடாது. அதனால் அந்த அம்மாள் மட்டும் உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மாவேதான் கேட்டார், அது எங்கிருந்து வந்த பணம் என்று.

"எங்க மீன்பிடி வள்ளம் வித்த காசாணு சேச்சி. நான் அப்பவே இது வேண்டாம்னு பறஞ்சேன். வீடு வீடா போயி வந்துட்டிருக்கு அந்தக் காசு. எந்த வீட்டுல கிடக்குதோ, அந்த வீட்டுல ஆருக்கும் ஒண்ணும் வராம இருக்கணும்னு தினம் ஜெபிப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "உங்களுக்காகவும் ஜெபிச்சேன். கேட்கல."

அம்மா அன்றுதான் முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதார். அந்த அம்மாளும் அழுதார். அழுது முடித்ததும் அம்மா தங்கையைப் பார்த்து, "படிக்கப் போறவ நீ. நீயே சொல்லு" என்றார்.

தங்கை யோசித்துத்தான் சொன்னாள். "வேணாம்மா. இதை வச்சுப் போனா ஒரு வருஷம் ஓடும். இவங்க கேஸ் போடுவாங்க. நீங்களும் அண்ணனும் கோர்ட்டு வாசல்ல நிப்பீங்க. நான் அங்க உக்காந்து என்னத்தைப் படிக்கிறது?"

மாமா விடவில்லை. நாமினி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டார். "இத்தாவுல இருக்கிறவ வாசப்படி தாண்டக்கூடாது. நாலு மாசம் கழியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அத்தனை வருடத்தில் மாமா மார்க்கச் சட்டம் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா உள்ளே இருந்தே பதில் சொன்னார். "அண்ணே, நெஞ்சுவலி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"அது போலாம்."

"எனக்கு நெஞ்சு வலிக்குது. நான் பேங்குக்குப் போறேன்."

பள்ளிவாசல் உஸ்தாதிடமும் கேட்டுவிட்டேன். அவசியமான காரியத்துக்குப் பகலில் போய்விட்டு வரலாம் என்றார். ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு அம்மாவை அழைத்துப்போனோம். அம்மா கையெழுத்துப் போட்டார். இறப்புச் சான்றிதழ், அது இது என்று பல வாரம் இழுத்தது. அதுவரை அந்த மீன்காரர் ஒருநாள்கூட அவசரப்படுத்தவில்லை. பணம் அம்மாவின் கணக்குக்கு வந்த அன்றே முழுவதும் அவருக்குப் போய்விட்டது. அத்தா கொடுத்திருந்த வட்டியை அவர் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதை அத்தா எதை விற்றுக் கொடுத்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தங்கை இங்கிலாந்து காலேஜுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். இப்போது களமசேரியில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் ஜெர்மன் படிக்கிறாள். சம்பள ரசீது இருந்தால் வங்கியும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறது. போவாளா என்று தெரியாது. போனால், கணக்கில் காட்டும் பணம் அவளுடையதாக இருக்கும்.

ஒருநாள் மாமா சாதாரணமாகச் சொன்னார், "உங்க அத்தா போனதால இந்தப் புள்ளை தப்பிச்சா." நான் அவரை அடிக்கப் போய்விட்டேன். ஆனால் கை ஓங்கியபோதுதான் தெரிந்தது, அதே எண்ணம் எனக்கும் எப்போதோ வந்திருந்தது என்று. அதனால்தான் அவ்வளவு கோபம். அத்தா இருந்திருந்தால் தங்கை விமானம் ஏறியிருப்பாள், ஃபீஸ் கட்ட கணக்கில் ஒரு காசும் இருந்திருக்காது. அத்தா போய் இவ்வளவு நாளாகியும் எனக்கு அழுகையைவிடத் திகைப்புத்தான் அதிகமாக வருகிறது. ஏனென்றால், விமான நிலையத்தில் மகளுக்குக் கை காட்டிவிட்டுத் தனியாகத் திரும்பி நடக்கும்போது அந்த மனிதர் அடுத்து என்ன செய்வதாக இருந்தார் என்று கேட்க எனக்கு இனி ஆள் இல்லை.