காலையில் மட்டும் கிடைக்காத கொழும்பு

விஜயலெட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் என்மேல்தான் கோபம் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரை படித்து, அந்தத் தோட்ட ஆபிசில் கணினி முன் உட்கார்ந்த முதல் பிள்ளை அவள். அம்மா பெரியாயி கொழுந்து பறிக்கிறவள். மகளுக்கு ஆறு மாதம் தற்காலிக வேலை. தினமும் காலை பத்து மணிக்குள் தோட்டத்து அறிக்கையைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வீ.பி.என். என்று ஒன்று போட்டிருந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகக் கொழும்புக் கணினிக்குப் போகும் பூட்டிய பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2006 சித்திரை வருடப்பிறப்போடு அந்தப் பாதை அவளுக்குக் காலையில் அடைத்துக்கொண்டது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் திறந்தது. ஒரு மாதம் பொறுத்த தோட்டத்து மேனேஜர் துரை, "வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் நீ மலைக்கே போகலாம்" என்று சொல்லிவிட்டார். மலை என்றால் கொழுந்துக் கூடை.

பதுளையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த எனக்கு அவள் போன் எடுத்தாள். ஆபிசில் இருந்ததோ ஒரே கம்பி. அவள் பேசினால் கணினிக்கு இணைப்பு இல்லை, கணினி இணைந்தால் அவள் பேச முடியாது. பொறுமை எனக்கு எப்போதுமே கம்மி. வியாழக்கிழமை பஸ் ஏறி நானே போய்விட்டேன்.

வயரை மாற்றினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். 'அனுமதி இல்லை' என்றே வந்தது. கொழும்புக்காரனைத் திட்டிக்கொண்டு மணி பார்த்தேன். என் கையில் ஒன்பது ஐம்பது. கணினியின் மூலையில் பத்து இருபது.

"இந்த மணி யார் வச்சது?"

"பெரிய கிளாக்கரையாங்க. நான் வர முன்னாடியே சுவர்க் கடிகாரத்தப் பாத்து சரி பண்ணி வச்சிருவாரு."

யாழ்ப்பாணத்துக்காரரான அந்தப் பெரியவர் மேசையிலிருந்தே சொன்னார்: "ஒரு கந்தோரில ரெண்டு நேரம் இருக்கக்கூடாது, தம்பி." கந்தோர் என்றால் அவருக்கு ஆபிஸ். கணினியில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை மணியை மாற்றுவதுதான்.

அந்த வருடப்பிறப்பில்தான் நாட்டின் நேரத்தை அரைமணி பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். தோட்டத்துச் சுவரில் இன்னும் பழைய நேரம் ஓடியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால் கொழும்பு இயந்திரம் கதவைத் திறக்காது. மணியைத் திருத்தினேன், உடனே தொடர்பு கிடைத்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப பகலுக்குப் பொறகு மட்டும் எப்புடிங்க வேல செய்யுது?" என்றாள்.

பார்த்துவிடலாம் என்றேன். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு அவளும் போகவில்லை, நானும் போகவில்லை. பெரிய கிளாக்கர் எங்களைப் பார்த்துத் தயங்கினார். பிறகு, "துரையின்ர சொல்" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் ஏறிக் கடிகார முள்ளை அரைமணி பின்னுக்குத் திருப்பினார். இறங்கியதும், தினமும் செய்வதுபோல, கணினி மணியையும் சுவரோடு ஒத்துப் பார்த்தார்.

விஜயலெட்சுமி எழுந்து நின்றாள். "தெனமும் சாப்புட்டு நேரத்தோட வந்துர்றேன், நான்தான் வெரசா நடக்கிறேன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "காலையில முள்ள முன்னுக்குத் தள்ளி, பெரட்டுக்குப் பழைய நேரம். சாயங்காலம் வேல விடுற சங்குக்குப் புது நேரம். இப்பல்லாம் பொழுது இழுத்துக்கிட்டே போவுதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க. வயசாயிருச்சும்மான்னேன்."

அரைமணி முன்னால் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு. உரிய நேரத்துக்கு ஊதும் சங்கு. அந்த மலையில் ஒவ்வொருவரிடமும் தினமும் அரைமணி நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தார்கள். வேறு சொல் எனக்குத் தெரியாது.

அப்போது துரை உள்ளே வந்தார். "என்ன கோளாறு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தின் வேலை என் கடைக்கு வேண்டியிருந்தது.

"கம்பியூட்டர் மணி தப்பா இருந்துச்சுங்க தொர. இனிமே அத யாரும் தொடாம இருந்தா போதும்."

துரை சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நல்லது" என்றார். அடுத்த மாதமே அவள் வேலை நிரந்தரமானது.

கிளம்பும்போது, கணினி மணியைத் தினமும் சரிபார்க்கட்டும் என்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். ஏதோ பெரிய உபகாரம் செய்ததாக அப்போது நினைப்பு.

மூன்று வருடம் கழித்துப் பண்டாரவளை பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அதே கடிகாரம் கையில் இருந்தது. சௌக்கியம் விசாரித்தேன். கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள் விடியக்காலம், அம்மா ஆறரைப் பெரட்டுக்கு இடுப்புல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டே, மணி என்னாடி ஆச்சுன்னு கேட்டாங்க. ஒங்க கடியாரத்துல ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"ஆறு இருவதும்மா, ஓடுன்னேன்."