தனகோடி வீட்டுக் குளியலறை

மரக்காணம் உப்பளத்தில் பாத்தித் தரையைப் பற்றி யாரும் தனகோடியிடம் வாதாடுவதில்லை. சேற்றை மிதித்துப் பலகையால் இழுத்து அவர் விட்ட பாத்தியில் தண்ணீர் ஒரு பக்கமும் சாயாது, ஒரு சொட்டும் கீழே இறங்காது. கடவுளே வந்து ஈசான மூலை பள்ளமாக இருக்கிறது என்றாலும், அவர் கடவுளின் கண்ணைத்தான் சந்தேகிப்பார்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டுக் குளியலறைதான் ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் நடுச்சுவருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் குடியிருக்கும் தம்பி வீட்டில் போய்ப் பூத்தது. தம்பி மனைவி ரேணுகா ஆசை ஆசையாக அடித்திருந்த ரோஸ் பெயிண்ட் அப்பளம் அப்பளமாகக் கொப்பளித்தது.

"மாமா, உங்க வீட்ல யாரு எப்ப குளிச்சாங்கன்னு எங்க சுவத்தைப் பாத்தே சொல்லிடலாம். சரி பண்ற வரைக்கும் அந்த ரூமைப் பூட்டிப் போடுங்க."

பூட்டினார்கள். அன்றிலிருந்து தனகோடியின் மனைவி வசந்தாவுக்குக் குளியல் கொல்லையில்தான். உப்பு சுமந்து வெந்த காலோடு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, பாதி ஈரமும் பாதி சோப்புமாக எழுந்து ஓடிவருவாள்.

மழை பிடித்து உப்பளம் ஓய்ந்ததும், "ஒரு கொத்தனாரைக் கூப்பிடலாம்யா" என்றாள்.

"தரை போட எனக்கு இன்னொருத்தன் வந்து சொல்லித் தரணுமா?" என்றார் தனகோடி. அதற்கு மேல் பேசினால் அது மானப் பிரச்சினை.

பழைய தரையைப் பெயர்த்தார். புதிதாகக் கலவை போட்டு, பலகையால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தது. மூலைகளில் வலைத்துணி ஒட்டி, தரையிலும் இடுப்பளவு சுவரிலும் தண்ணீர் புகாத மருந்தை இரண்டு கை அடித்தார். 'டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தண்ணி போற ஓட்டையை அடைச்சு ஒருநாள் தண்ணி கட்டிப் பாருங்க' என்று மருந்து விற்ற கடைக்காரன் சொல்லியிருந்தான். தண்ணீர் கட்டுவதைத் தனகோடிக்குச் சொல்கிறான்! துணியைத் திணித்து ஓட்டையை அடைத்து, தண்ணீரை நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. தன் வீட்டுப் பக்கம் ரேணுகா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நம்பிக்கை வராமல் கன்னத்தையும் வைத்தாள்.

"காஞ்சிருக்குது மாமா!"

தேர்தலில் ஜெயித்தவர்போல மீசையைத் தடவிக்கொண்டே தனகோடி துணியை உருவினார். களக் என்றது. ஓட்டையைச் சுற்றி இருந்த தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. மற்றது இருந்த இடத்திலேயே இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். தண்ணீருக்கும் அவசரமில்லை.

"யோவ், குளிக்கிற ரூம் கேட்டா பாத்தி கட்டி வச்சிருக்கியே!" என்றாள் வசந்தா.

"வெயில் அடிச்சா உப்பு வாரிடலாம்க்கா. சாக்கு நான் தர்றேன்" என்றாள் எட்டிப் பார்த்த ரேணுகா.

"ஒழுகுச்சா? அதைச் சொல்லுங்க" என்றார் தனகோடி.

"ஒழுகல. போகவும் இல்லியே!"

குளியலறைத் தரைக்கு ஓட்டையை நோக்கி வாட்டம், அதாவது லேசான சரிவு, வேண்டும். பாத்தியில் வாட்டம் விட்டால் உப்பு ஒரு பக்கமாக ஒதுங்கும், ஊர் சிரிக்கும். ஆகவே வாட்டம் என்பது தனகோடியின் கைக்குத் தெரியாத ஒரு கெட்ட பழக்கம். மேலே இன்னொரு கலவை போட்டுச் சரித்துப் பார்த்தார். வாசலில் ஒழுங்காகச் சரிந்த பலகை, பாதி வழியில் கொட்டிலைக் கண்ட மாடு மாதிரி தானாகவே மட்டத்துக்குத் திரும்பியது. அழித்தார். மறுபடியும் அதே கதை.

கடைசியில் வசந்தா வாசல்படியிலிருந்து ஓட்டை வாய்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினாள். "உன் கையை நம்பாதே. நூலைப் பாத்து இழு."

திருட்டு வேலை செய்கிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு இழுத்தார். காய்ந்தபின் மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர், மறுபடி ரேணுகாவின் கன்னம். இந்த முறை துணியை உருவியதும் தண்ணீர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறமாதிரி ஓடியது. அதே சரிவில், கால் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸை ஒட்டி முடித்தார்.

தை பிறந்து, பாத்தி மிதிக்க ஆரம்பித்த அன்று இருவரும் முழங்கால் சேற்றோடு வீடு திரும்பினார்கள். வசந்தா முந்திக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தங்காமல் போகும் சத்தமும் கேட்டது. இத்தனை தண்ணீரைச் சும்மா விடுகிறோமே என்று தனகோடிக்கு மனசு லேசாக அடித்துக்கொண்டது.

"அக்கா, சுவரு காஞ்சுதான் இருக்குது. ஊத்து, ஊத்து!" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"இன்னும் எவ்ளோ நேரம்? எனக்கும் காலெல்லாம் சேறு" என்று கதவைத் தட்டினார் தனகோடி.

"கொல்லையில போய்க் கழுவுய்யா. நான் இப்பதான் உக்காந்தே இருக்கேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார் தனகோடி. முகத்தில் சிரிப்பு.