புளியமரத்து ஆணி

தொப்பூர் பக்கம் சாலைக்காக வெட்டிய புளியமரத்தை நான் மேசைக்கென்று வாங்கியிருந்தேன். அதைப் பலகையாக அறுக்க வந்தவருக்குப் புருவமெல்லாம் மரத்தூள். செயின்சாவை எடுக்குமுன் அடிமரம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஆணி இருந்தால் சங்கிலி அறுந்து ஆளையே அடித்துவிடுமாம்.

ஓரிடத்தில் கை நின்றது. துருப்பிடித்த ஆணி, அதைச் சுற்றி நீளமான தலைமுடி.

"பேய் புடிச்ச பொண்ணோட முடிங்க. பேய ஓட்டி மரத்துல அடிச்சிருக்காங்க." பதமாகப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "தூரப் போட்டுராதீங்க. உங்க வூட்டுக்கிட்ட வேற மரத்துல அடிச்சிருங்க. அந்தப் பொண்ணு எங்கியோ நல்லா இருக்கட்டும்."

சரி என்றேன். எங்கள் தெருவில் மரமே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

அந்த மேசையில்தான் தினமும் சாப்பிடுகிறேன். ஆணி அலமாரியில் கிடக்கிறது. அந்தப் பெண் எப்படி இருக்கிறாளோ.