பிரேக் வாத்தியார் கண்ணை மூடுகிறார்

எதிர்வீட்டுக்காரர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். பால்கனியில் டீயோடு நிற்கும் வாத்தியாரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. தள்ளுவண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தெருமுனையில் திரும்பிப் போயே விட்டது. "பின்னாடி பாக்காமலே திரும்பறாரு பாரு" என்று ஆதங்கப்பட்டுவிட்டு, வாத்தியார் காலைத் தரையிலிருந்து எடுக்கிறார்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே காலம் போய்விட்டது. அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பின்னால் வருவதைப் பார்க்க அவருக்கென்று தனியாக ஒரு கண்ணாடியும் உண்டு. ஊரில் பாதிப் பேர் அவருடைய காலை நம்பித்தான் முதன்முதலில் ரோட்டுக்கு வந்தார்கள். அதனால் அவருக்குப் பிரேக் வாத்தியார் என்றே பெயர்.

சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்த பிறகும் கால் வீட்டுக்கு வந்து வேலை பார்க்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் பிரேக். முடிவெட்டுகிறவரின் கத்தி காதருகே வந்தால் பிரேக். மனைவி வேகமாக வெங்காயம் நறுக்கினால் அதற்கும் பிரேக். சாப்பாட்டு மேசைக்கு அடியில், அவர் கால் படுகிற இடத்தில் விரிப்பு ஓட்டையாகிவிட்டது. வலது செருப்பு தேய்ந்து அப்பளமாகும்போது இடது செருப்பு கடையில் வாங்கின மேனிக்குப் பளபளவென்று இருக்கும். அப்படி மிஞ்சிய இடது செருப்புகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. "தூக்கிப் போட மனசு வரலைங்க, இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கலையே அது" என்பார்.

அவர் மனைவி நர்ஸ். ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று பெயர் எடுத்த நிதானக்காரி. நடக்க முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க ஆஸ்பத்திரியில் இப்போது வண்டி கொடுக்கப் போகிறார்கள். ஓட்டத் தெரிந்த நர்ஸுக்குத்தான் அந்த வேலை. நர்ஸம்மாவுக்கு அதன் மேல் ரொம்ப நாளாக ஆசை. சொந்த வாத்தியார் வீட்டிலேயே இருக்கிறார், அப்புறம் என்ன கவலை என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தவர் இல்லை.

முதல் பாடம் ரவுண்டானாவோடு முடிந்தது. அதுவரைக்கும் வாத்தியார் பேசிக்கொண்டே வந்தார், காலும் சும்மா இல்லை. வண்டி ஓடியது என்பதைவிட விக்கல் எடுத்துக்கொண்டே போனது என்பதுதான் சரி. ரவுண்டானாவின் நடுவில் நர்ஸம்மா வண்டியை நிறுத்தினார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். நாலா பக்கமும் ஹாரன் அலற, 'பயிற்சி வண்டி' என்ற பலகைக்குக் கீழே, சாவியில்லாத வண்டியில் வாத்தியார் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போதும் பிரேக்கில் இருந்து அவர் காலை எடுக்கவில்லை.

அன்றைக்கு நர்ஸம்மா கத்தவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று வாத்தியார் பிற்பாடு சொன்னார். சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, ஊசி போடுகிற அதே நிதானத்தோடு நர்ஸம்மா சொன்னார்:

"ஏங்க, இன்னும் ஒரே ஒரு சுத்து. ரவுண்டானாவைச் சுத்திட்டு வீட்டுக்கு வரணும். நீங்க வாயும் திறக்கக் கூடாது, காலையும் வைக்கக் கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் எதிர்த்த ஸ்கூல்ல சேந்துக்கறேன்."

எதிர்த்த ஸ்கூலை நடத்துகிறவன் வாத்தியாரிடமே படித்து, டெஸ்டில் கோட்டை விட்டு, விளக்குக் கம்பத்தில் போய் இடித்தவன். அவனிடம் தன் மனைவி கற்றுக்கொண்டால் வாத்தியார் வெளியே தலைகாட்ட முடியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். வேறொருவனிடம் கற்றுக்கொண்டு வந்தால், அப்புறம் அவள் ஓட்டுகிற வண்டியில் பக்கத்து இருக்கை தனக்குக் கிடைக்கவே கிடைக்காதோ என்றுதான் அவருக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் மனுஷர் தியான வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பு நடக்கிற இடம், மற்ற நாட்களில் நடனம் சொல்லிக்கொடுக்கிற கூடம். சுவர் முழுக்கக் கண்ணாடி. நடத்துகிற அம்மா பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவர்; கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "கொஞ்ச நேரம் அமைதியா உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே இதற்கு வந்து சேர்ந்தாராம். கண்ணை மூடுங்கள் என்றார். எல்லோரும் மூடினார்கள். வாத்தியார் மட்டும் கண்ணாடியில் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் எப்படிக் கண்ணை மூடுவது என்பது அவருடைய முதல் சந்தேகம். யாரும் வர மாட்டார்கள், எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். நிறுத்தி வைத்திருக்கிற வண்டியைத்தான் திடீரென்று எடுப்பான் என்றார் வாத்தியார்.

சந்தேகங்கள் வரிசையில் வந்தன. கண்ணை மூடின பிறகு கருவிழி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? மூச்சு ஒரு மூக்கில்தான் போகிறது, இன்னொன்று ஸ்டெப்னியா? எதையும் நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருப்பது எந்தக் கணக்கில் சேரும்? தூங்கிப்போனால் வகுப்புக்கு வந்ததாக எடுத்துக்கொள்வார்களா? மூக்கு அரித்தால் சொறியலாமா? சொறியலாம் என்று அம்மா சொன்னதும், முன்னறிவிப்பு இல்லாமல் சொறிவது முறையில்லை என்று வாத்தியாரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். முதலில் கையைத் தூக்குவார். அம்மா தலையசைத்த பிறகுதான் சொறிவார். அதற்குள் பாதி நாள் அரிப்பு போய்விடும், அவரும் கையை மரியாதையாக இறக்கிக்கொள்வார்.

அம்மாவைத் திகைக்க வைத்தது இன்னொன்று. இந்தப் படிப்புக்கு டெஸ்ட் எப்போது என்று வாத்தியார் கேட்டார். அப்படி ஒன்றும் கிடையாது என்றதும் வாத்தியாருக்கு முகமே மாறிவிட்டது. டெஸ்ட் இல்லாமல் பாஸா ஃபெயிலா என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்?

"வீட்ல இருக்கறவங்களைக் கேளுங்க சார். அவங்க சொல்லுவாங்க" என்றார் அம்மா.

மூச்சுதான் பெரும்பாடாக இருந்தது. உட்கார்ந்தால் மூச்சுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். மெதுவா, மெதுவா, விடு, இப்ப இழு, திடீர்னு இழுக்காதே என்று உதடு அசையும். கால் ஒவ்வொரு மூச்சுக்கும் பிரேக் போடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி பாயோடு நகர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் அம்மா அவரருகில் வந்து குனிந்து, மூச்சை நீங்கள் ஓட்டாதீர்கள், அது தானாகப் போகட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றார்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். "பக்கத்துல உக்காந்து பாக்கறதுதாம்மா என் தொழிலே. பாத்துப் பாத்துத்தான் இப்படி ஆயிட்டேன்."

வீட்டிலும் பழகினார். நாற்காலியில் சரிப்படவில்லை, கட்டிலில் சரிப்படவில்லை. வாசலில் நிறுத்தியிருந்த பயிற்சி வண்டியில், தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துதான் கண்ணை மூடினார். ஓட்டுகிற இருக்கையில் ஆளே இல்லாத அந்த நிம்மதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் தெருக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வண்டிக்குள் அசையாமல் கிடக்கிறாரே என்று தபால்காரர் கண்ணாடியைத் தட்ட, எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட, நர்ஸம்மா இறங்கி வந்து நாடியைப் பிடித்துப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறார், பழகிக்கொண்டிருக்கிறார் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார். வாத்தியார் அப்போதும் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினார். மூக்கு அரித்திருக்கிறது.

"அது உங்க மூக்கு, என்னை எதுக்குக் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா மாடியேறிப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு நாள் வகுப்பில் அது நடந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்ததில் வலது கால் சுத்தமாக மரத்துப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு வண்டி கிறீச்சிட்டது. வாத்தியார் உடம்பெல்லாம் பிரேக் போட்டது. கால் மட்டும் அசையவில்லை. அடுத்து மோதல் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. யாரோ யாரையோ திட்டினார்கள், வண்டி கிளம்பிப் போனது. எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு வாத்தியார் அம்மாவிடம் போய், ஊர் அறியாத ரகசியத்தைச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"என் காலு செத்துப்போச்சும்மா. ஆனா வெளியில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரு ஓய்ந்திருக்கும்போது, நர்ஸம்மா வண்டியை எடுத்தார். முதல் தடவை அணைந்துபோனது. வாத்தியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடி எடுத்தார், வண்டி குலுங்கி நகர்ந்தது. குப்பைத்தொட்டியை ஒட்டிப் போனபோது வாத்தியார் இழுத்த மூச்சு கண்ணாடி அதிர்கிற மாதிரி இருந்தது. "அதையும் கொஞ்சம் மெதுவா விடுங்க" என்றார் மனைவி, ரோட்டைப் பார்த்தபடியே. மெதுவாக விட்டார்.

ரவுண்டானா வந்தது. சுற்றிலும் பார்த்து, வண்டியை ஓரத்தில் நிறுத்தி, ஒரு தண்ணீர் லாரி போவதற்காக நர்ஸம்மா காத்திருந்தார். சரியாகத்தான் செய்தார், வாத்தியாருக்கே தெரியும். தெரிந்து என்ன, வலது கால் பிரேக்குக்கு மேலே போய் நின்றுவிட்டது. அழுத்தவில்லை, விலகவும் இல்லை. நர்ஸம்மா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். மடியில் கிடந்த கைப்பையையும் பார்த்தார்.

வாத்தியார் வாயைத் திறக்கக் கூடாது. அவர் செருப்பைக் கழற்றினார். தேய்ந்த வலதையும், புத்தம்புதிய இடதையும் கழற்றினார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, வர மாட்டேன் என்கிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி மேலே தூக்கி இருக்கையில் மடித்து வைத்தார். அதன் மேல் இடது காலைப் போட்டார். பெல்ட் வயிற்றை அறுத்தது, முழங்கால் கதவில் இடித்தது. சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நர்ஸம்மா லாரி போன பிறகு கியரைப் போட்டார். வண்டி ரவுண்டானாவுக்குள் நுழைந்தது, வளைந்தது, கடிகாரக் கம்பத்தைத் தாண்டியது, பூச்செடிகளைத் தாண்டியது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெரு வந்தது. பேசிவைத்த ஒரு சுற்று அதோடு முடிந்துவிட்டது. நர்ஸம்மா அதில் திரும்பாமல், நேரே இன்னொரு சுற்றுக்கு விட்டார்.

வாத்தியாரின் கால் மரத்துக்கொண்டு வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை, காலைப் பிரிக்கவில்லை, கையை மட்டும் மெல்லத் தூக்கினார்.

"ம், சொறிஞ்சுக்கங்க" என்றார் நர்ஸம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாத்தியார் மூக்கைச் சொறிந்துகொண்டார்.