ரத்தினபாய் டீச்சரின் முழங்கால்

ரத்தினபாய் டீச்சருக்கு வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. மருந்தில் தீராது, ஊசியில் தீராது, மூட்டையே மாற்றினால்தான் உண்டு என்று எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டியே சொல்லிவிட்டார். டீச்சர் என்ன விவரம் தெரியாதவரா? தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி, போர்டு முன்னால் நின்று நின்றே காலைத் தேய்த்துக்கொண்டவர். அன்றைக்கே சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்ல விட்டால்தானே!

"பண்ணலாம்மா, யாரு வேண்டாம்னா? அவசரப்பட வேண்டாம்னுதான் சொல்றேன்" என்றான் மகன் எபி. ஒரே பிள்ளை. அவன் அவசரப்படாமல் இருந்த காலத்தில் படப்பையிலிருந்து மூலிகை எண்ணெய் வந்தது, ஆன்லைனில் முழங்கால் உறை வந்தது, பிசியோதெரபி செய்கிற பெண் வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போனாள். பிரண்டைத் துவையல் தின்று தின்று நாக்கு அரித்ததுதான் மிச்சம். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெரு. கீழ் வீடு டீச்சரின் கணவர் வேதசிரோமணி கட்டியது. அவர் ரயில்வே ஆபீசில் இருந்தார். வீட்டுக் கடன் முடிந்த வருஷமே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். மாடி வீடு, டீச்சர் ரிட்டயராகும்போது கிடைத்த பணத்தில் எபியின் கல்யாணத்துக்காக எழுப்பியது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மேஸ்திரி படியை வெளிப்பக்கமாகச் செங்குத்தாக வைத்துத் தொலைத்தான். கால் போனதிலிருந்து டீச்சர் அதில் ஏறவில்லை. தன் காசில் கட்டிய வீட்டின் ஹாலுக்கு இப்போது என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. மேலே நாற்காலி இழுபடும், மிக்ஸி ஓடும், எபி சத்தம் போட்டுச் சிரிப்பான். கீழே டீச்சர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். பிள்ளையோடு ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்ன வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஆபரேஷன் கேட்டது அதற்குத்தான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கால் நன்றாக இருந்த காலத்தில் டீச்சரும் சும்மா இருந்தவர் இல்லை. விடிந்தால் மாடிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறப்பார். "இந்த மாவு எந்தக் காலத்து மாவு?" என்பார். மருமகள் ஆஷா கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி. அவள் லேப்டாப் முன்னால் மீட்டிங்கில் இருக்கும்போது பின்னால் வந்து நின்று, "இன்னும் தலை சீவலையா?" என்பார். கம்பெனியே கேட்கும். ஒரு நாள் இரண்டு பேருக்கும் வாய் முற்றிப்போய், எபி பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான். பிறகு கால் போயிற்று. வீட்டில் சண்டையும் போயிற்று. ஆஷா என்ன மாயமோ அவ்வளவு பாசக்காரியாகிவிட்டாள். தினமும் டப்பாவில் குழம்பு இறங்கி வரும். "அத்தை, மாத்திரை போட்டீங்களா?" என்று வாசலில் நின்று கேட்பாள். டீச்சர் உருகிப்போய், தங்கமான பெண், நான்தான் புரிந்துகொள்ளாமல் போய்விட்டேன் என்று சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் செல்லியம்மாள் வந்தாள். மேலேயும் கீழேயும் பாத்திரம் தேய்க்கிறவள்.

"இன்னா டீச்சரம்மா, நீ இங்கியே குந்திகினு கீற? மேல கேக்கு வெட்டுறாங்கோ. ஆஷாக்காவோட அம்மா அப்பா எல்லாம் வந்துகீறாங்கோ."

"தெரியும்டி. எபிக்குப் பிறந்தநாள்" என்றார் டீச்சர். பிறந்தநாள் என்பது தெரியும்தான். காலையில் வந்து தலையைக் குனிந்து அம்மாவிடம் ஜெபம் வாங்கிக்கொண்டு போனவன், சாயங்காலம் விருந்து உண்டு என்று மூச்சு விடவில்லையே!

கொஞ்ச நேரத்தில் ஆஷா ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "உங்களால மேல வர முடியாதேன்னு எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு அத்தை."

டீச்சர் கேக்கைத் தின்றார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய், ஈஸ்டர் முடிந்து ஆபரேஷன் என்று டாக்டரிடம் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "மாடிப்படி ஏறலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். "கொஞ்ச மாசம் போகட்டும், தாராளமா ஏறுங்க" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமைதோறும் தெருப் பெண்களின் ஜெபக்கூட்டம் டீச்சர் வீட்டு ஹாலில்தான் நடக்கும். கிறிஸ்டி சிஸ்டர் நடத்துவார். அந்த வாரம் டீச்சர் தன் ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொன்னார். "யாராவது ஒருத்தர் ஜெபிங்க" என்றார் கிறிஸ்டி சிஸ்டர். ஆஷா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, எங்க அத்தை உடம்புல ஒரு கத்தியும் படாம நீரே காத்துக்கொள்ளும். பரம வைத்தியரா வந்து அந்த முழங்காலைத் தொடும் ஆண்டவரே. இந்த வயசுல அவங்களை ஆபரேஷன் மேஜைக்கு அனுப்பாதேயும்." எல்லாரும் ஆமென் என்றார்கள்.

ஜெபத்துக்கு நடுவில் குறுக்கே பேச முடியுமா? எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது, ஏம்மா, நான் கேட்டதே அந்தக் கத்தியைத்தானே என்று சொல்லத்தான் முடியுமா? டீச்சரும் ஆமென் சொல்லித் தொலைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெயக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி, டீச்சரோடு வேலை பார்த்தவள், இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கித் திரிகிறவள்.

"ஏண்டி ரத்தினம், உன் மருமக ஜெபிச்சாளா, இல்ல கோர்ட்ல ஸ்டே வாங்கினாளா?"

"சீ, வாயை மூடு. பாசத்துல ஜெபிக்கிறா."

"நல்ல பாசம்!" என்று ஜெயக்கொடி கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிறிஸ்டி சிஸ்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "டீச்சர், போன வாரம் ஜெபிச்சோமே, இப்ப எப்படி இருக்கு?" ஹாலில் இருந்த எல்லா முகமும் திரும்பியது. அப்படியேதான் இருக்கிறது என்றால் இத்தனை பேர் ஜெபித்ததற்கு என்ன மரியாதை? மருமகளின் முகம் சுண்டிப்போகாதா? டீச்சர் மரியாதைக்காக, "கொஞ்சம் பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான், ஹாலே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அதிர்ந்தது. எழுந்து சாட்சி சொல்லுங்க டீச்சர் என்று பிடித்துக்கொண்டார்கள். நாற்காலிக் கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, வலிக்கிற காலில் நின்றபடியே, வலி குறைந்தது என்று சாட்சி சொன்னார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எபி கீழே வந்தான்.

"அம்மா, ஹாஸ்பிடலுக்குப் போன் பண்ணி டேட்டை கேன்சல் பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டுடா பண்ணினே?"

"நீதானே எல்லார் முன்னாடியும் சொன்னியாம், பரவாயில்லைன்னு. ஆஷா சொன்னா. பரவாயில்லைன்னா அப்புறம் எதுக்கும்மா ரிஸ்க்?"

டீச்சர் அவனை உட்காரச் சொன்னார். வகுப்பில் கேட்கிற மாதிரி நேராகவே கேட்டார். "எபி, நான் நடக்கிறது உனக்கு வேண்டாமா?"

"என்னம்மா இது? நடக்கணும்தான்."

"மாடி ஏறணும்?"

எபி போனை எடுத்துப் பார்த்தான், திரும்பச் சட்டைப் பையில் போட்டான். "இப்பதாம்மா எல்லாரும் நிம்மதியா இருக்கோம்" என்றான். "நீயும்தான். அதை ஏம்மா கெடுத்துக்கணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, கெஞ்சுகிற குரலில் சொன்னான். பெற்ற பிள்ளை, அம்மா நொண்டியாகக் கிடந்தால்தான் நிம்மதி என்கிறானே! இத்தனை நாள் டப்பாவில் இறங்கி வந்த குழம்பு பாசம் இல்லையா? படி ஏறாமல் கிடந்ததற்குக் கூலியா? அதைத் தங்கம் என்றும் வைரம் என்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. அன்று வந்த குழம்பை அப்படியே சிங்க்கில் கொட்டினார்.

ஜெயக்கொடியிடம் போனில் சொல்லி அழுதார். "உன் கால், உன் இன்சூரன்ஸ். நான் கூட வர்றேன், கிளம்பு" என்றாள் அவள்.

"வருவே. வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி பாத்ரூமுக்குக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக யாருடி இருக்கா? அதுக்கு மேல இருக்கறவங்கதானே இறங்கி வரணும்?"

டீச்சர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். மாடிக்கு வரமாட்டேன் என்று எபியிடம் சொன்னால், இப்போது இப்படித்தான் சொல்வே என்பான். ஆஷா நம்பவே மாட்டாள். யார் முன்னால் சொன்னால் அவள் நம்புவாள் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், இந்த வாரம் நானே ஜெபிக்கிறேன் என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, போன வாரம் நான் சொன்னது பொய்ச் சாட்சி. மன்னியும். என் கால் வலிக்குது. எனக்கு ஆபரேஷன் வேணும்." யாரோ ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் நெளிந்தாள். டீச்சர் நிறுத்தவில்லை. "சர்ச்சுக்கும் கடைக்கும் யார் துணையும் இல்லாம போய்வர ஒரு நல்ல காலைக் குடும். என்னைப் பார்த்துக்க என் பிள்ளைகளுக்கு மனசையும் குடும். குடுத்தா, இவங்க எல்லார் முன்னாலயும் உமக்கு ஒரு பொருத்தனை பண்றேன். கால் நல்லானாலும் என் பிள்ளை வீட்டுப் படியில நான் ஏற மாட்டேன். சாகிற வரைக்கும் ஏற மாட்டேன்."

அங்கே நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டாரே தவிர, பாழும் மனசு கேட்கவில்லை. 'ஐயோ அத்தை, என்ன பேச்சு இது' என்று ஒரு வார்த்தை வராதா என்று காத்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமென்" என்றாள் ஆஷா, கணீரென்று. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.