நாள் பார்த்து வளர்த்த காடைகள்

காடை வளர்க்க என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கூண்டின் கூரை ஒன்றரைச் சாண் உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் மட்டும் இருக்கவே கூடாது. கீழே மணல் பரப்ப வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும். இத்தனையும் தெரிந்த நான் ஒரு காடையைக்கூடச் சமைத்ததில்லை. ஆனால் சமைப்பதற்காகத்தான் வாங்கினோம்.

எழுபதுகளின் தொடக்கம். மந்தைவெளியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நான், என் கணவர், அவருடைய அம்மா. அவள் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, அதனால் எனக்கு அத்தை. கணவர் அத்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக இருமல். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது டிபி என்றார்கள். வீட்டுக்காரர்களிடம் ஆஸ்துமா என்று சொல்லி வைத்தோம். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

டாக்டர் கண்டிப்பானவர். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி சாப்பாடு. கறியோ முட்டையோ எதையாவது உள்ளே தள்ளுங்கள். இந்த உடம்பில் ஒன்றுமே இல்லை" என்றார். எங்களுக்குப் பரம்பரை பரம்பரையாகச் சைவம். அத்தான் முட்டையைப் பாலில் அடித்துக் குடித்துப் பார்த்தார். குடித்த வேகத்திலேயே வெளியே வந்தது. அதற்குப் பிறகும் அவர்தான் சொன்னார்: "பரவால்லட்டி, இன்னொன்னு பார்ப்போம். நான் திங்கேன். எனக்குப் பொழைக்கணும்."

எனக்குப் பொழைக்கணும் என்று ஒரு முப்பத்தோரு வயது ஆம்பிளை சொல்லிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

காடை யோசனையைச் சொன்னவள் மீன்காரி. பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து எங்கள் தெரு வழியாக அடுத்த தெருவுக்குக் கூடையோடு போவாள். வாசல் நிழலில் கொஞ்ச நேரம் உட்காருவாள், நான் தண்ணீர் கொடுப்பேன். அவள் நைனாவுக்கு இப்படித்தான் நெஞ்சு ஒட்டிப்போய், காடை சாறு குடித்துத் தேறினாராம். அத்தை இதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "கோழி கண்டதையும் பொறுக்கும், அது ஆவாது. ஆடு பெரிய உசிரு, பாவமும் பெருசு. காடை தானியம் திங்குத உசிருட்டி. கிட்டத்தட்ட நம்மள மாதிரிதான்" என்றாள்.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது.

பாண்டி பஜார் ஓரத்தில் கூடையில் பறவை விற்கிறவனிடம் எட்டுக் காடை வாங்கினேன். தவிட்டு நிறம், கைப்பிடிக்குள் அடங்கும் உடம்பு, உள்ளே தட்டாமாலை சுற்றுகிற மாதிரி ஓர் இதயம். கூரை உயரத்தைப் பற்றி அவன்தான் சொன்னான். பயந்தால் காடை பக்கவாட்டில் ஓடாது, நேரே மேலே எகிறும், பாதி உயரத்தில் கம்பி இருந்தால் மண்டை பிளந்துவிடும் என்றான். அத்தான் வேலை பார்த்த கடையிலிருந்து பனியன் வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் அதற்குக் கோழிவலை அடித்து ஒன்றரைச் சாணில் கூரை போட்டேன். அத்தை வந்து பார்த்தாள்.

"நிமிந்துகூட நிக்க முடியாம என்ன கூண்டுட்டி இது? சாவப்போற உசிருக்கு இருக்கிற வரைக்குமாவது காத்து வேண்டாமா?"

இரக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் அன்றைக்குத்தான் பிறந்தது. ஆனாலும் சொன்னபடி கேட்டு, நாலு மூலையிலும் குச்சி கட்டிக் கூரையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூனை கூண்டின் மேல் குதித்தது. எட்டும் ஒரே சமயத்தில் மேலே பாய்ந்தன. கம்பியில் மோதிய சத்தம் முற்றத்தில் கல் விழுந்த மாதிரி கேட்டது. இரண்டு மணலில் கிடந்தன, தலையில் தோல் விலகி எலும்பு தெரிந்தது. அவற்றையாவது சமைக்கலாமா என்று அத்தான் உள்ளேயிருந்து கேட்டார். செத்ததைத் தின்னக் கூடாது என்று அத்தை கிணற்றடியில் புதைக்கச் சொன்னாள். நான் புதைத்துவிட்டு வந்து, கூரையைப் பழையபடி இறக்கி உள்பக்கம் கோணிச்சாக்கு அடித்தேன்.

அடுத்தது தீட்டுப் பிரச்சினை. காட்டில் பிடித்த பறவை, என்னென்ன தின்றதோ? ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கழுவிக் காயவைத்த தினையும் நொய்யரிசியும் மட்டும் கொடுத்தால் சுத்தமாகிவிடும் என்று அத்தை முடிவு செய்தாள். அத்தானிடம் சொன்னபோது, "அப்போ ஒரு மண்டலம் நானும் தாங்கணும்லா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அன்று வெகுநேரம் நிற்கவில்லை.

நான் தினமும் தினையைக் கழுவினேன். முறத்தில் பரப்பிக் காய வைத்தேன். மணலைச் சலித்தேன். காடை மணலில்தான் குளிக்கும். ஒரு தட்டு நிறைய வைத்தால் புரண்டு புரண்டு, இறகுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்கென்றே அத்தான் நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு உட்காருவார். நாளாக நாளாகக் காடைகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. முதுகில் இறகு போய் ரத்தம் கசிந்தது. மீன்காரி பார்த்துவிட்டு, "இன்னாமே, வெறும் தானியத்தையே போட்டுக்கினு கீற? புயு பூச்சி துன்னாத்தாம்மே அது நிக்கும்" என்றாள். அத்தை காதில் விழாமல் விறகு அடுக்கின் கீழிருந்து கரையான் மண்ணை அள்ளி வந்து போட்டேன். அதற்குள் ஒன்று செத்துவிட்டது. மீதி ஐந்தும் தேறின. என் காலடிச் சத்தம் கேட்டதும் கம்பியோரம் ஓடி வரும். வலப்பக்கம் ஒரு நகம் இல்லாத ஒன்று என் உள்ளங்கையிலிருந்தே கொத்தித் தின்னும்.

முன்கட்டிலிருந்து வீட்டுக்கார மாமி வந்து ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "வாயில்லா ஜீவனையெல்லாம் இப்படி ரட்சிச்சிண்டு இருக்கேள். உங்காத்துக்காரருக்கு ஒரு கொறையும் வராது, பாருங்கோ" என்று ஒரு டம்ளர் நொய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அதையும் கழுவி முறத்தில் காயப் போட்டேன்.

மண்டலம் முடிந்தது மாசி மாதத்தில். அப்புறம் நாள் பார்க்க ஆரம்பித்தோம். அத்தைக்குக் கண்ணில் புரை, பொடி எழுத்து தெரியாது. தினசரி காலண்டரில் தாளைக் கிழித்து, இன்று என்ன கிழமை, என்ன திதி, என்ன விசேஷம் என்று வாசித்துச் சொல்வது என் வேலை. திங்கள் சோமவாரம். செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு. வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். சனிக்கிழமை பெருமாள். மிஞ்சுவது புதனும் ஞாயிறும். அதில் அமாவாசை, பௌர்ணமி, சஷ்டி, பிரதோஷம் வந்து விழும். கிருத்திகை வந்தால் கேட்கவே வேண்டாம். அத்தை பன்னிரண்டு வயதிலிருந்து கிருத்திகை விரதம். அன்றைக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பழமும்தான், சோற்றைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கு ஊரில் யாரோ பங்காளி இறந்துபோன தந்தி வந்து தீட்டாகிவிட்டது.

அத்தான் காலையில் எழுந்ததும் "இன்னைக்கா?" என்று கேட்பார். வேறெதுவும் கேட்க மாட்டார். கன்னம் ஒட்டி, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கூண்டுக்குள் காடைகள் கொழுத்துக்கொண்டு வந்தன.

பங்குனியில் ஒரு புதன்கிழமை அத்தை தானாகவே மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். முன்கட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போகிற நாள் அது என்று தெரிந்து, முந்தின நாளே மீன்காரியிடம் சொல்லி வைத்திருந்தாள். அறுக்கிறது அவள், வேக வைக்கிறது நான். இதற்கென்று புது மண்சட்டி வாங்கி வெளியே அடுப்பும் கூட்டியாகிவிட்டது. மீன்காரி கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். "நீ ஒண்ணியும் பாக்க வேணாம், அந்தாண்ட போய் நில்லு. ஒரே நிமிட்டு, உரிச்சிக் கயுவிச் சட்டில போட்டுர்றேன்" என்று கூண்டுக்குள் கையை விட்டாள். நகமில்லாத அதுதான் கையில் வந்தது. என் கை என்று நினைத்து அதுவே கிட்டே போயிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அத்தான், "இன்னைக்கா?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்து, "நாள் பாத்துட்டேல்லா?" என்று கேட்டாள்.

தாளை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமான புதன்கிழமை. என் வாய், "கிருத்திகை அத்தை" என்றது.

அந்தக் காடையின் மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மாத்திரை கொடுத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, நேர்ந்துகொண்டாயிற்று. காடை ஒன்றுதான் மிச்சம். கூண்டில் அது உயிரோடு இருக்கும்வரை அத்தானுக்கு இன்னொரு மருந்து பாக்கி இருக்கிறது. தின்று தேறாவிட்டால் அப்புறம் எதைக் காட்டி அவரை உட்கார வைப்பேன்? அந்தப் பயம்தான் பேசியது. கோழைத்தனம் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அத்தை புதுச் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அப்படியா? சரி, அவளைப் போவச் சொல்லிரு" என்றாள். மீன்காரி காடையைத் திரும்ப உள்ளே விட்டாள். "நாளு பாத்துக்கினே இரு" என்று முணுமுணுத்தபடி கூடையைத் தூக்கிக்கொண்டாள். நான் காலண்டர் தாளைக் கிழித்து, கூட்டி வைத்த அடுப்பில் போட்டேன்.

அடுத்த புதன் வரவில்லை. அதற்குள் அத்தான் ரத்தமாகத் துப்பினார். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழா. ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய ரிக்‌ஷா கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நகரவில்லை. பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ரிக்‌ஷாவுக்குள் கையை நீட்டி அவருக்கும் ஒரு தொன்னை கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு, "நான் வந்த பொறவு எந்தக் கிழமைன்னாலும் பரவால்ல, பண்ணிருட்டி" என்றார். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

காடைச் சாறு டிபியைக் குணமாக்காது என்று பிற்பாடு ஒரு நர்ஸ் சொன்னாள். இருக்கலாம். ஆனால் அவர் பசியோடு போனார். அதற்கு எந்த நர்ஸும் எனக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

பதினாறு முடிந்த மறுநாள் மீன்காரியைக் கூப்பிட்டு ஐந்தையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வெறும் சாக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "கொயம்பு வெச்சோம். புள்ளைங்க நல்லா துன்னுச்சுங்க. கொழுப்பு ஏறிக் கெடந்துச்சுமே" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அத்தை உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அத்தை என்னோடு பதினோரு வருஷம் இருந்தாள். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குப் போனேன். அவள் சமைத்தாள். அந்தப் புதன்கிழமையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்றே நினைத்திருந்தேன், அந்தச் சுமையில் ஒரு திமிர்கூட இருந்தது. அவள் சாவதற்கு முந்தின வருஷம், ஒரு கிருத்திகையன்று அவளுக்காகப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். டம்ளரில் ஊற்றும்போதுதான் நினைவு வந்தது. அந்தப் புதனுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் இதே மாதிரி பால் காய்ச்சிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை, மீன்காரி காடையை விட்டுவிட்டுப் போன பிறகு, மத்தியானம் அத்தை எப்போதும்போல் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு தரமும் போட்டது நான்தான்.