அந்தப் பெண்ணின் முறையில் நான் பேசினேன்

தொண்ணூறுகளின் பின்பாதியில் பாளையங்கோட்டையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு யுனிக்ஸ் சர்வர். அதைக் கட்டி மேய்த்தவர் காயல்பட்டினத்துக்காரர். துபாயில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கை என்னிடம் ஒப்படைத்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, என் வசதிக்காக அந்தக் கணக்கில் எதையோ மாற்றப்போய், பாஸ்வேர்டு கோப்பில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு வெளியேறினேன். அவ்வளவுதான். மறுபடி நுழையப் பார்த்தால், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் வெளியே தள்ளியது. திங்கட்கிழமை மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. ரூட் இல்லாமல் தேர்வுக் கணக்குகளைத் திறக்க முடியாது. அழித்துப் புதிதாக நிறுவினால் பிள்ளைகளின் ஆறு மாத உழைப்பு போய்விடும்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் அவர் துபாயிலிருந்து வீட்டுக்குப் போன் செய்வார் என்று தெரியும். மறுநாள் திருச்செந்தூர் பஸ் ஏறி, அங்கே மாறி, காயல்பட்டினத்தில் அவர் வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போனைச் சுற்றி மூன்று பேர். முதலில் அம்மா, அடுத்து மகள், கடைசியில் மனைவி, அதுதான் பேசும் முறையாம். மனைவி நல்ல பட்டுச் சேலை கட்டியிருந்தாள். போனில் பேசவா பட்டு என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது.

மூன்றரைக்கு மணி அடித்தது. அம்மா பேசினார், மகள் பேசினாள். மனைவி ரிசீவரை வாங்கி, காதில் வைக்காமலே என்னிடம் நீட்டினாள். "நீங்க முதல்ல பேசிருங்க. பிள்ளைங்க பரீட்சைல்லா."

நான் செய்துவைத்ததைக் கேட்டு அவர் திட்டவில்லை. அவசரத்துக்கென்று இரண்டு ஃப்ளாப்பிகளை ஸ்டெபிலைசருக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொன்னார். அவற்றைப் போட்டுச் சர்வரை எப்படிக் கிளப்புவது என்று ஒவ்வொரு கட்டளையாகச் சொல்ல, எழுதிக்கொண்டேன். "ரூட்ல எதை மாத்தினாலும் உடனே வெளிய வராதீங்க. அடுத்த டெர்மினல்ல நுழைய முடியுதான்னு பாத்துட்டுத்தான் வரணும்" என்றார். சரி என்று சொல்வதற்குள் அவருடைய போன் கார்டு தீர்ந்து இணைப்பு போய்விட்டது.

மறுபடி அடிக்குமென்று கால் மணி நேரம் காத்திருந்தோம். அடிக்கவில்லை. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கிறதே என்று சிரித்தவள், வாசல்வரை கூடவே வந்து மெதுவாகக் கேட்டாள்: "போன வாரம் அவங்களுக்குச் சளி. இன்னைக்குக் குரல் தெளிஞ்சு இருந்துச்சா?"

"தெளிவாத்தான் இருந்துச்சு" என்றேன். உண்மையில் எனக்குக் கட்டளைகள் மட்டும்தான் காதில் விழுந்திருந்தன. நல்லா இருக்கீங்களா என்றுகூட நான் அவரைக் கேட்கவில்லை.

சனிக்கிழமையே சர்வர் திறந்துவிட்டது. தேர்வும் நல்லபடியாக நடந்தது. ஆனால் இரண்டு வருடம் கழித்து என் கணவரும் மஸ்கட் போய், வாரம் தவறாமல் நல்ல சேலை கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் நான் உட்கார்ந்தபோதுதான், அன்று அந்தப் பெண்ணிடமிருந்து எதை வாங்கிக்கொண்டு வந்தேன் என்பது புரிந்தது. இன்றுவரை அதைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை.